செவந்தி ஏறிய கொலுப்படி

மேடத்தின் வராந்தாவில் நின்ற அந்தப் படி ஸ்டாண்டு தேக்கில் செய்தது. ஐந்து படிகள். மேல் இரண்டு படிகளில் மஞ்சள் செவந்தி, நடுப்படியில் வெள்ளைச் செவந்தி, அதற்குக் கீழே சிவப்பு இலைக் குரோட்டன், தரையை ஒட்டிய படியில் பெரணி. தொட்டிகளுக்கெல்லாம் ஒரே மாதிரி காவி பூசியிருந்தது. ஜனவரிக் காலை வெயில் மேல்படிப் பூக்களில் முழுசாக விழுந்து, கீழே இறங்க இறங்கக் குறைந்து, பெரணிக்கு வரும்போது நிழலாகியிருந்தது. மேடம் பட்டுச் சேலையில், கையில் பரிசுக் கோப்பையோடு, அந்தப் படிக்குப் பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரித்தார். குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லாரும் கைதட்டினார்கள். என் அம்மாவும் தட்டினாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, "தட்டாதம்மா" என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் தட்டிக்கொண்டே இருந்தாள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். நான் மன்னிக்கவில்லை. அன்றைக்கு எனக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது. இன்றைக்குக் காதோரம் நரைத்துவிட்டது. நடுவில் எத்தனையோ கோபங்கள் வந்தன, போயின. இது மட்டும் வாடகை கொடுக்காமல் உட்கார்ந்திருக்கும் குடித்தனக்காரர் மாதிரி உள்ளேயே இருந்தது. காலி செய்யச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்கு மதுரையிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றல் வந்தது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவு. அலிப்பூரில் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். எங்கள் வீடு மூன்றாவது மாடி. அலுவலகத்துக்குப் பெரிய அதிகாரி யாரோ, அவர் மனைவிதான் மேடம். தமிழ்க்காரர்தான் என்றாலும் எந்தத் தமிழ் வீட்டுப் பெண்ணும் அவரை அக்கா என்றோ மாமி என்றோ கூப்பிட்டதில்லை. புல்வெளி வைத்த தனி வீடு அவர்களுடையது. பெண்கள் கமிட்டிக்கு அவர்தான் தலைவி. பூஜைக்கு எந்த வீடு எவ்வளவு பூ கொடுக்க வேண்டும் என்பதிலிருந்து யார் வீட்டுக் குழந்தை மேடையில் பாட வேண்டும் என்பது வரை அவர் வாய்ச்சொல்தான் சட்டம்.

மதுரையில் எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் உண்டு. பொம்மைகள் டிரங்குப் பெட்டியில் ரயிலேறி வந்தன. படி வரவில்லை. முதல் நவராத்திரிக்கு அம்மா பெட்டிகளையும் அரிசி டின்னையும் அடுக்கிப் படி கட்டப் பார்த்தாள். ராமர் செட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து லட்சுமணனுக்குக் கை போயிற்று. அப்பா மறுநாளே பவானிபூர் இரும்புக் கடைக்குப் போய், துளை போட்ட ஆங்கிள் சட்டங்களும் பலகைகளும் வாங்கி வேன் ரிக்‌ஷாவில் கொண்டுவந்தார். போல்ட்டைத் திருகினால் ஐந்து படி. கழற்றினால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அடிக்கடி மாற்றலாகும் குடும்பங்களுக்கு அதைவிடத் தோதான சாமான் கிடையாது.

நவராத்திரி முடிந்து பொம்மைகள் பெட்டிக்குள் போன பிறகு, அந்தப் படியை அம்மா கழற்றவில்லை. காரணம் எங்கள் பால்கனி. கம்பி அழி கிடையாது, இடுப்பு உயரத்துக்குக் கனத்த சுவர். தரையில் வைத்த தொட்டிக்கு நாள் முழுக்கச் சுவரின் நிழல்தான். குளிர்காலத்துக்கென்று வாங்கிவந்த செவந்திக் கன்றுகள் வெயிலைத் தேடிக் கழுத்தை நீட்டி நீட்டி இளைத்துக்கொண்டிருந்தன. அம்மா கொலுப்படியைப் பால்கனிக்கு இழுத்துப் போட்டாள். செவந்தி மேலே, வெயில் தாங்காதது கீழே. உயரமானது பின்னால், படர்வது ஓரத்தில். இரும்புச் சட்டம் தெரியாதபடி இரண்டு பக்கமும் மணிப்பிளான்ட் கொடியைத் தொங்கவிட்டாள். இதையெல்லாம் அவள் எந்தப் புத்தகத்தையும் பார்த்துச் செய்யவில்லை. கொலுவில் கலசம் மேலே, செட்டியார் பொம்மை கீழே என்று வருஷா வருஷம் அடுக்கிப் பழகிய கை அது.

பூத்தபோது தெருவிலிருந்து பார்த்தால் சுவருக்கு மேலே மஞ்சள் மட்டும் வரிசையாகத் தெரியும். எதிர் வீட்டு வங்காளி மாமி, எங்களுக்கு மாஷிமா, தினமும் காலையில் டீக் கோப்பையோடு வந்து நின்று, "கீ ஷுந்தொர்" என்று சொல்லிவிட்டுப் போவார். என்ன அழகு என்று அர்த்தம். அம்மா கற்றுக்கொண்ட முதல் வங்காளி வார்த்தைகளில் அதுவும் ஒன்று. குவார்ட்டர்ஸில் ஜனவரி மாதம் தோட்டம், பால்கனி அலங்காரப் போட்டி நடக்கும், வெளியிலிருந்து நடுவர்கள் வருவார்கள் என்று சொன்னதும் மாஷிமாதான். அந்த வருஷம் பெயர் கொடுக்கும் தேதி போய்விட்டது. "அடுத்த வருஷம் கொடு, பரிசு உனக்குத்தான்" என்றார். அம்மா அதைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் கோடையிலேயே சாணத்தை மட்க வைத்தாள், மழைக்காலம் முழுக்கக் கன்றுகளைக் கிள்ளிக் கிள்ளி வளர்த்தாள். ஊர் தெரியாமல், பாஷை தெரியாமல், கடைக்குப் போக அப்பாவின் துணைக்குக் காத்திருந்தவள் அவள். இந்த ஊரில் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு காரணம் வரப்போகிறது என்று அந்த ஒரு வருஷம்தான் அவள் நம்பியிருந்தாள்.

அடுத்த நவராத்திரிக்கு மேடம் எங்கள் வீட்டுக்கு வெற்றிலை பாக்குக்கு வந்தார். அவர் வந்தால் கூடவே ஏழெட்டுப் பேர் வருவார்கள். அம்மா கிண்ணம் கிண்ணமாகச் சுண்டல் கொடுத்தாள். படியின் மேல் விரித்திருந்த வேட்டி ஓரத்தில் விலகியிருந்தது. பலகையில் வட்டமாக ஒரு கறை.

"ஏம்மா, அது என்ன கறை?" என்றார் மேடம்.

அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதில் மறைக்க என்ன இருக்கிறது? "போன குளிருக்குச் செவந்தித் தொட்டி வச்சிருந்தேன் மேடம். எங்க பால்கனியில தரைக்கு வெயில் வராது" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"சாமி உக்கார்ற படியிலயா? எருவும் மண்ணுமாவா?" மேடம் கையிலிருந்த சுண்டல் கிண்ணத்தைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். "இதெல்லாம் யாரும் உனக்குச் சொல்லித்தரலயா? இந்தப் படியில கொலு வச்சு, நைவேத்தியம் வேற பண்ணி… எப்படிம்மா சாப்பிடறது?"

எழுந்துவிட்டார். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்கள் கணவன்மாரும் அப்பா மாதிரி அந்த அலுவலகத்தில்தான் வேலை பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போனார்கள். கடைசியாகப் போன பெண் மட்டும் வாசலில் திரும்பி, "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா" என்று கிசுகிசுத்தாள். நாற்காலிகளின் மேல் வரிசையாகச் சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது. அப்பா வந்து கேட்டபோது அம்மா, "பெரிய எடம், ஏதோ சொன்னாங்க, விடுங்க" என்றாள். அப்பாவும் விட்டுவிட்டார்.

அந்தக் குளிர்காலம் அம்மா படியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டாள். தொட்டிகள் தரைக்கு வந்தன. கோடையிலிருந்து வளர்த்த செவந்திகள் சுவர் நிழலில் மொட்டு விட்டு, பட்டாணி அளவோடு நின்றுவிட்டன. போட்டிக்கு அவள் பெயர் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் காட்ட என்ன இருந்தது? அந்த ஜனவரியில்தான் மேடத்தின் வராந்தாவில் தேக்குப் படியைப் பார்த்தோம். அது புதிதாகச் செய்ததுகூட இல்லை. மூன்று மாதத்துக்கு முன் அதே படியில் அவர் வீட்டுத் தசாவதாரம் நின்றதைக் குவார்ட்டர்ஸ் தமிழ்ப் பெண்கள் அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். வங்காளி நடுவர்களிடம் மேடம் விளக்கினார். ஒன்பது நாள் தெய்வத்துக்கு, மீதி நாள் பூக்களுக்கு, இதுதான் எங்கள் தமிழ்ப் பண்பாடு, இந்த யோசனை எனக்கு ஒரு நாள் பூஜை அறையில் தோன்றியது என்றார். நடுவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். அங்கே நின்ற தமிழ்ப் பெண்களில் ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. எல்லாரும் தட்டினார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கொலு கிடையாது. நவராத்திரி வந்தால் அம்மா விளக்கேற்றிக் கும்பிடுவதோடு சரி. பொம்மைகளைப் பற்றிக் கேட்டால், "எறக்கி ஏத்த யாரால முடியுது" என்பாள். செவந்தியும் வாங்குவதில்லை. மேடத்தின் பெயரை நான் எடுத்தால், "விடுடி, பழசு" என்று பேச்சை மாற்றிவிடுவாள். அவள் மறந்துவிட்டாள் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் சேர்த்து நான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பட்டது. மேடத்தின் கணவருக்கு டெல்லிக்கு மாற்றலாகி அவர்கள் போன அன்று குவார்ட்டர்ஸே வாசலில் நின்று வழியனுப்பியது. நான் உள்ளே உட்கார்ந்து, போகும் வழியில் அந்தத் தேக்குப் படியைச் செல்லரிக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டிருந்தேன்.

அப்பா ஓய்வு பெற்றதும் நாங்கள் கல்கத்தாவிலேயே தங்கிவிட்டோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு லேக் மார்க்கெட் பக்கத்துச் சந்து ஒன்றில் நான் கடை போட்டேன். செடி விற்கிற கடை இல்லை, செடியை நிறுத்துகிற ஸ்டாண்டுகள் விற்கிற கடை. எதற்கு இந்த வியாபாரம் என்று கேட்டவர்களுக்கு என்னென்னவோ காரணம் சொல்லியிருக்கிறேன். உண்மைக் காரணத்தை மேலே எழுதிவிட்டேன்.

ஸ்டாண்டு வாங்க வருகிறவர்கள் முதலில் ஸ்டாண்டைத்தான் பார்ப்பார்கள். பூ வேலைப்பாடு, சுருள் கம்பி, தங்க நிறப் பூச்சு. நான் முதலில் கேட்பது வேறு. ஜன்னல் எந்தப் பக்கம், வெயில் எவ்வளவு நேரம், தண்ணீர் ஊற்றப்போவது யார், குனிய முடிகிறவரா? பிரம்பு ஸ்டாண்டு பார்க்கக் குளுமையாக இருக்கும், ஆனால் இந்த ஊர் மழையில் ஒரே வருஷத்தில் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும், அதனால் வீட்டுக்குள்தான். பால்கனிக்கு இரும்பு, அதுவும் காலில் ரப்பர் குமிழ் போட்டது, இல்லையென்றால் மொசைக்கில் துருவட்டம் விழும். தழைத்துத் தொங்குகிற பெரணிக்கு ஒற்றைக்கால் உயர ஸ்டாண்டு. நிமிர்ந்து நிற்கிற செடிக்குக் குட்டை முக்காலி. உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக இலை வர வேண்டும். ஸ்டாண்டு கறுப்பாகவோ மர நிறமாகவோ இருந்தால் அது ஒதுங்கிக்கொண்டு செடியை முன்னால் விடும். பளபளக்கிற ஸ்டாண்டு வீட்டுக்கு வந்த சம்பந்தியைப் போல, எப்போதும் தன்னையே பார்க்கச் சொல்லும். கனமான தொட்டியை அடியில் வைக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் திடீரென்று வரும் கால்பைசாகிப் புயல் ஒன்று அடித்தால் மேலே கனத்த ஸ்டாண்டுதான் முதலில் சாயும். இவ்வளவும் சொல்லிவிட்டு, இடம் சின்னது, செடி நிறைய என்பவர்களிடம் கடைக் கோடியில் நிற்கும் படி ஸ்டாண்டைக் காட்டுவேன். துளை போட்ட ஆங்கிள் சட்டம், ஐந்து பலகை, கழற்றி மாட்டலாம். என் கடையில் அதிகம் போவது அதுதான்.

ஒரு நவம்பர் மாதச் சாயங்காலம் கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். காய்கறிப் பையோடு வந்த தமிழ்ப் பெண்கள் இரண்டு பேர், ஒரு வங்காளித் தம்பதி. வாசலில் ஆட்டோவிலிருந்து ஒரு வயதான அம்மா மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முடி முழுக்க வெளுத்திருந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை. "ஏம்மா, பால்கனிக்கு நல்லதா ஏதாவது காட்டு" என்றார். அந்த "ஏம்மா"வில்தான் மேடம் என்று தெரிந்தது.

அவர் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை. தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? மூன்றாவது மாடியிலிருந்த எத்தனையோ வீடுகளில் ஒன்றின் பெண் நான். நாற்காலி போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். கணவர் காலமாகிவிட்டார், மகனுக்குக் கல்கத்தாவில் வேலை, பதினோராவது மாடியில் வீடு என்று சொல்லிக்கொண்டே கடையைச் சுற்றிப் பார்த்தவரின் கண் கோடியில் நின்ற படியில் போய் நின்றது. "அடடே, இது கல்கத்தாவுல வந்ததே என்னாலதான்" என்றார்.

மருமகள் லேசாகப் பெருமூச்சு விட்டாள். இதை அவள் எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று அந்த மூச்சிலேயே தெரிந்தது. நான் மேடத்துக்கு எதிரில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அப்படியா மேடம்? சொல்லுங்களேன்" என்றேன். தமிழ்ப் பெண்களும் திரும்பினார்கள். மேடம் சொன்னார். அலிப்பூர், தேக்குப் படி, பூஜை அறையில் தோன்றிய யோசனை, நெகிழ்ந்துபோன நடுவர்கள். நான் குறுக்கிடவில்லை. நடுநடுவே கேள்வி கேட்டு இன்னும் கொஞ்சம் பேசவைத்தேன். மீன் தூண்டிலை நன்றாக விழுங்கட்டும் என்று காத்திருந்தேன். 

எல்லாம் முடிந்ததும் கேட்டார்: "எனக்கு இதே மாதிரி ஒண்ணு வேணும். என்ன விலை?"

"இது உங்களுக்கு ஆகாது மேடம்."

"ஏன்?"

"இது கொலுப்படி. சாமி உக்கார்ற படியில எருவும் மண்ணும் வைக்கலாமான்னு எங்கம்மாவைக் கேட்டீங்க. அலிப்பூர்ல, மூணாவது மாடி. நவராத்திரிக்கு வந்திருந்தீங்க. சுண்டலைச் சாப்பிடாம நாற்காலியில வச்சுட்டு எந்திரிச்சீங்க, கூட வந்தவங்களும் எந்திரிச்சாங்க. அடுத்த மூணு மாசத்துல உங்க படியில செவந்தி ஏறிடுச்சு. யோசனை பூஜை அறையில தோணல மேடம். எங்க வீட்டுல தோணிச்சு."

இத்தனை வருஷமாக ஒத்திகை பார்த்த பேச்சு.  மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.  பிறகு மெதுவாக, "அக்கவுன்ட்ஸ்காரர் பொண்ணா?" என்றார். ஞாபகம் இருக்கிறது! மறந்துபோயிருந்தால்கூட ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். தெரிந்தே இத்தனை வருஷம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். "உங்கம்மா அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"உங்க வீட்டுக்காரர் எங்கப்பாவுக்கு ஆபீசர் மேடம். எப்படிச் சொல்லுவாங்க?"

 என் பேச்சு அவரை அடித்ததைவிட, பக்கத்திலிருந்து வந்த ஒரு சின்னக் கேள்விதான் பலமாக அடித்தது. "அப்ப அது உங்க ஐடியா இல்லையா அத்தை?" என்றாள் மருமகள். கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து தினம் கேட்ட கதையின் விலை திடீரென்று தெரிந்துவிட்டவள் கேட்கிற மாதிரி கேட்டாள். மேடத்தின் முகம் சுருங்கிப்போயிற்று. அந்த முகத்தை நான் கண்ணால் குடித்தேன். அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவர்கள் வாசலுக்குப் போகும்போது, உயரமான மூன்றுகால் ஸ்டாண்டு ஒன்றை மேடம் போகிற போக்கில் தொட்டார். பதினோராவது மாடிக் காற்றில் அது ஒரு புயலுக்குக்கூட நிற்காது. அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஒரு நிமிஷம் நாக்கு துறுதுறுத்தது. கீழே யாராவது நடந்துபோவார்கள் என்பதால்தான் சொல்லவில்லை. மேடம் ஒன்றும் வாங்காமல் ஆட்டோவில் ஏறிப் போனார். அடுத்த வாரம் மருமகள் தனியாக வந்தாள். படி ஸ்டாண்டு வேண்டும் என்றாள். எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று வழக்கம்போலக் கேட்டேன். "அத்தை ரூம் ஜன்னலுக்கு நேரா" என்றாள். நான் நல்ல பலகைகளாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். காற்றுக்கு ஆடாமல் பின்சட்டத்தைச் சுவரோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். அது அங்கே நெடுநாள் நிற்க வேண்டும் என்பதில் எனக்கு அக்கறை இருந்தது.

அன்று மேடம் கடைக்கு வந்துபோன விஷயத்தை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். "வயசானவங்ககிட்ட இப்படியா பேசுவ" என்று திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டு, "மொதல்ல இருந்து சொல்லு" என்றாள். சொன்னேன். "கடையில வேற யாரெல்லாம் இருந்தா? தமிழாளுங்களா?" என்றாள். "என்ன சேல கட்டியிருந்தா?" என்றாள். இத்தனை காலமும் அவங்க, இவங்க என்று மரியாதை குறையாமல் பேசியவள், முதல் தடவையாக ஒருமையில் பேசினாள். அவள் எதையும் மறந்திருக்கவில்லை. வேட்டி விலகியிருந்தது எந்தப் பக்கம், முதலில் எழுந்தது யார், வாசலில் திரும்பிப் பேசியது யார் என்று எனக்கே தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக, "அழுதாளா?" என்றாள். இல்லை என்றேன். "ம்" என்று கீரையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அந்தக் குளிருக்கே கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய படி வெளியே வந்தது. போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தன, எண்ணெய் விட்டுத் திருகினேன். இப்போது அது எங்கள் வீட்டுப் பால்கனியில், மேல்படியில் செவந்தியோடு நிற்கிறது. ஜனவரி வெயில் மேலே விழுந்து கீழே இறங்குகிறது. யாரும் போட்டோ எடுப்பதில்லை, யாரும் பரிசு கொடுப்பதில்லை. அம்மா அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னிடம் அந்தக் கதையைக் கேட்பாள். மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள். ஒரு விவரம் மாறினால் திருத்துவாள். முடிவில் தவறாமல் அந்தக் கேள்வி வரும், நானும் இல்லை என்பேன், அவளும் "ம்" என்பாள்.

மேடம் அழவில்லை. அதுதான் உண்மை. ஆனால் போன வாரம் கதை முடிந்து அம்மா, "அழுதாளா?" என்று கேட்டபோது, இவளுக்கு இதைக்கூடக் கொடுக்காமல் நான் எதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

"அழுதாங்கம்மா" என்றேன். "ஆட்டோவுல ஏறினதும் முந்தானையை எடுத்து வாயில வச்சுக்கிட்டு அழுதாங்க. நான் வாசல்ல நின்னு பாத்தேன்."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய்யைக் கண்டுபிடித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"இத ஏண்டி இத்தன நாளாச் சொல்லல?" என்றாள். நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஆட்டோவுல ஏறினதுல இருந்து இன்னொரு தடவ சொல்லு."